நாலு முனை

"நேத்து சாப்பாட்டுல பீட்ரூட் போட்டியா?" என்று மாமனார் கேட்டபோது மருமகள் ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தாள். தையல் கடைக்குக் கிளம்பும் நேரம். போடவில்லை என்றாள். "அப்ப தர்பூசணி?" அதுவும் இல்லை. அவர் வேறெதுவும் கேட்காமல் குளியலறைக் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். காலையில் காய்கறியைப் பற்றி அவர் விசாரணை நடத்துவது புதிதல்ல. சாப்பாட்டில் அவர் குற்றம் கண்டுபிடிக்காத நாள் என்று ஒன்று அந்த வீட்டில் விடிந்ததே இல்லை. ஆனால் அந்தப் பார்வை சரியாகப் படவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். தண்ணீர் ஊற்றியிருந்தார், ஊற்ற வேண்டிய அளவு ஊற்றவில்லை. பீங்கான் ஓரத்தில் ரத்தம். கறுப்பும் இல்லை, பழுப்பும் இல்லை, விரலை வெட்டிக்கொண்டால் வருமே, அந்தச் சிவப்பு. கடையில் துணி வெட்டுகிறவள் என்பதால் அவளுக்கு அந்தச் சிவப்பு நன்றாகத் தெரியும்.

"மாமா, இது எத்தனை நாளா இருக்கு?"

"எது?"

"ரத்தம்."

"மூலமா இருக்கும். நீ போடற காரத்துக்கு மூலம் வராம மோட்சமா வரும்?"

அவள் புருஷனுக்குப் போன் செய்தாள். அவன் லிப்ட் பழுது பார்க்கிறவன். எந்த நேரம் கூப்பிட்டாலும் ஏதோ ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிக்கு நடுவில்தான் இருப்பான். மூலமாகத்தான் இருக்கும், மருந்துக் கடையில் களிம்பு வாங்கிக் கொடு என்றான். வாங்கிக் கொடுத்தாள். குழாயின் மூடியைத் திருகிப் பார்த்து, உள்ளே வாயில் ஒட்டியிருந்த தகடு கிழியாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் அவர் வாங்கிக்கொண்டார். களிம்புக்கு ரத்தம் அடங்கவில்லை. அந்த வாரக் கடைசியில் குளியலறையில் சத்தம் கேட்டு ஓடினாள். சுவரோடு சாய்ந்து, முகம் மெழுகாக வெளுத்து, வேட்டி நனைந்து கிடந்தார். தூக்கி உட்கார வைக்க அவள் அக்குளில் கை கொடுத்தபோது, அந்த நிலைமையிலும் "அவனைக் கூப்பிடு, நீ தொடாத" என்றார். கூப்பிடுகிற தூரத்திலா இருந்தான் அவன்? அவளேதான் தூக்கினாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். மேல் வழியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், வயிற்றில் ஒன்றுமில்லை. கீழ் வழியாகப் பார்க்க வேண்டும், அதற்குக் குடல் சுத்தமாக வேண்டும் என்றார் குடல் டாக்டர். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. கட்டி, புண், ரத்தக்குழாய் வீக்கம் என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனதில் வீட்டார் காதில் விழுந்தது கட்டி மட்டும்தான். நாத்தனார் அன்று மத்தியானமே வந்து இறங்கினாள். புருஷனுக்கு மூத்தவள், நல்ல குரல் வளம் உள்ளவள். வார்டு வாசலிலேயே அழத் தொடங்கி, படுக்கைக்கு வந்து சேர்வதற்குள் அப்பாவைப் பாதி வழியனுப்பிவிட்டிருந்தாள். அழுகை ஓய்ந்ததும் மருமகள் பக்கம் திரும்பி, "இளைச்சுப் போய்ட்டாரே, நீ வேளாவேளைக்கு ஏதாச்சும் போட்டியா இல்லையா?" என்று கேட்டாள்.

குடலைச் சுத்தம் செய்யும் மருந்து ஒரு பெரிய பாட்டில் நிறைய. நாத்தனாருக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளாது, தலைவலி வரும். புருஷனுக்கு வேலை. டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்து, அவர் எழ முடியாதபோதெல்லாம் பாத்திரம் பிடித்து, துடைத்து, துணி மாற்றியது மருமகள்தான். அதை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பாட்டிலை நர்ஸ்தான் வந்து திறக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்து திறந்து, "தாத்தாவுக்கு என் கை ராசி பிடிச்சுப் போச்சு" என்றாள். மருமகளும் சிரித்து வைத்தாள். வேறென்ன செய்வது, நர்ஸிடம் போய்க் குடும்பக் கதையை அவிழ்த்துக் கொட்டவா முடியும்?

கதை பெரியதொன்றும் இல்லை. மாமனார் ஒரு பெரிய குடோனில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சீல் உடைந்த பெட்டி எதையும் அவர் உள்ளே எடுத்ததில்லை. யார் சிபாரிசு பண்ணினாலும், மேனேஜரே வந்து நின்றாலும், "சீல் போச்சுன்னா சரக்கு போச்சு" என்று லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தப் பெருமையை வீட்டில் எல்லோரும் பலமுறை கேட்டிருக்கிறார்கள். மாமியார் சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் கிடந்தபோது மருந்து மாத்திரை எல்லாம் மருமகள் கையால்தான். கடைசியாக உள்ளே போன ஒரு கரண்டி மருந்தும் அவள் கொடுத்ததுதான். அடுத்த மூச்சு இழுக்கவில்லை. அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, அவருடைய பிரஷர் மாத்திரையை அவள் பிரித்து உள்ளங்கையில் வைத்தாள். அவர் வாயில் போடவில்லை. மேசை மேல் வைத்துவிட்டு, "அட்டையோட கொண்டா" என்றார். ஏன் மாமா என்றாள். "உன் கையால மருந்து குடிச்சுத்தானே அவ போய்ச் சேர்ந்தா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெளியே வெயில் அடிக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். அவள் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் எதுவும் கழுவாமல் நின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்கே புருஷனிடம் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். "வயசானவங்க அப்படித்தான். அவரு சொல்றபடி செஞ்சிட்டுப் போயேன், உனக்கென்ன குறைஞ்சிடப் போகுது?" என்றான் அவன். சரி என்று அட்டை அட்டையாகக் கொடுத்தாள். கண்ணில் புரை, ஆபரேஷனுக்கும் மாட்டேன் என்கிறார். ஒரே மாத்திரையை இரண்டு முறை போட்டுக்கொண்டு தலை சுற்றிக் கிடந்தார். அதற்கப்புறம்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கடையில் பழசாகிப்போன கத்திரி ஒன்றைச் சாணை பிடித்துக் கொண்டு வந்தாள். அட்டையை மாத்திரை மாத்திரையாக வெட்டி, ஒவ்வொன்றும் மூடியது மூடியபடி இருக்க, அந்தந்த வேளைக்கு உரியதை ஒரு சின்னத் தட்டில் வைத்துவிட்டுப் போவாள். அவர் ஒவ்வொரு துண்டையும் எடுத்து, முதுகுப் பக்கத்து வெள்ளிக் காகிதத்தைக் கட்டைவிரலால் தடவி, கிழியவில்லை என்று தெரிந்ததும் தானே அழுத்தி எடுத்துப் போட்டுக்கொள்வார். எதிலும் கோணல் பிடிக்காதவள் அவள். கடையில் அவளைக் கத்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாத்திரைத் துண்டுகளையும் கோடு போட்டது போல நேராகத்தான் வெட்டினாள்.

குடல் சுத்தமான மறுநாள் கீழ் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து முடிந்ததும் டாக்டர் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார். வாயெல்லாம் பல்லாக இருந்தது அவருக்கு.

"கட்டி இல்ல. பயப்படாதீங்க" என்றார்.

நாத்தனார் மேலே பார்த்துக் கும்பிட்டு, சுவரில் சாய்ந்து ஒரு பாட்டம் அழுதாள். புருஷன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். டாக்டர் மேசை மேலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் காட்டினார். உள்ளே ஒரு வெள்ளித் துண்டு.

"இது உள்ள இருந்துச்சு. மாத்திரையை அட்டையோட முழுங்கியிருக்காரு. சிறுகுடல் முடிஞ்சு பெருங்குடல் தொடங்குற எடத்துல வந்து குத்திக்கிட்டு நின்னுடுச்சு. நாலு முனையும் பாருங்க, பிளேடு மாதிரி இருக்கு. இதயத்துக்காக ரத்தம் கட்டாம இருக்கற மாத்திரையும் சாப்பிடறாரு இல்ல, அதனாலதான் காயம் மூடாம ஓடிக்கிட்டே இருந்திருக்கு. கீழ்வழியா ரத்தம் போச்சுன்னா நாங்க என்னென்னவோ தேடுவோம். இதை யாரும் தேட மாட்டோம். ரொம்ப அபூர்வம். நான் படிச்சிருக்கேன், பார்த்ததில்ல." டப்பாவை வெளிச்சத்தில் திருப்பினார். "உள்ள மாத்திரை கரையவே இல்ல பாருங்க, அப்படியே இருக்கு. போட்டோ எடுத்து ஒரு கட்டுரை எழுதிக்கட்டுமா? பேர் போட மாட்டேன்."

டாக்டர் சந்தோஷத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட்டார். "யாரு வெட்டினது இதை? ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கு."

"நான்தான்" என்றாள் மருமகள். அந்தக் குடும்பத்தார் முன்னால் அவள் கைவேலையை முதல்முதலாக யாரோ பாராட்டியது அன்றைக்குத்தான்.

வராண்டாவுக்கு வரும்வரைகூட நாத்தனார் பொறுக்கவில்லை. "ஒரு மாத்திரையைப் பிரிச்சுக் குடுக்கக்கூடவா உனக்குக் கை வலிக்குது? கண்ணு தெரியாதவர் முன்னாடி பிளேடை வெட்டி வச்சிட்டுப் போயிருக்கியே, நீயெல்லாம் மனுஷிதானா?"

"மாமாதான் பிரிக்கக் கூடாதுன்னு சொன்னாரு அண்ணி. பிரிச்சுக் குடுத்தா போட்டுக்க மாட்டேங்கறாரு."

"ஓஹோ, இப்ப அவர் மேலயே திருப்பறியா? வாயில்லாத மனுஷன் மேல?"

அந்த மனுஷனுக்கு வாயில்லை என்று சொன்ன முதல் ஆள் உலகத்தில் நாத்தனாராகத்தான் இருக்கும். மருமகள் புருஷனைப் பார்த்தாள். அவன் தரையில் பதித்த ஓடுகளில் ஏதோ விரிசலைக் கண்டுபிடித்தவன் போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். நாத்தனார் டீ குடிக்கப் போனதும் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்களுக்குத் தெரியும்ல? நான் அழுதுகிட்டு வந்து சொன்னேன்ல? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"இந்த நேரத்துல எப்படிச் சொல்றது? எங்க அப்பா உன்னைச் சந்தேகப்பட்டாருன்னு அக்காகிட்ட நான் சொல்லணுமா? அவரு எந்திரிக்கட்டும். அவரே சொல்லுவாரு."

அவரே சொல்லுவார் என்பதைப் பிடித்துக்கொண்டு அவள் அன்று முழுவதும் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் போனை எடுத்து ஊரில் இருக்கும் உறவையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அட்டையோட குடுத்திருக்கா" என்பது ஒவ்வொரு அழைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, சாயங்காலத்துக்குள் "வேணும்னே குடுத்தாளோ என்னவோ, யாரு கண்டா" என்கிற அளவுக்கு வந்துவிட்டது. மருமகளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். நான்தான் பிரிக்காமல் தரச் சொன்னேன். இதை அவர் எல்லோர் முன்னாலும் ஒரு முறை சொன்னால் போதும். மன்னிப்பெல்லாம் வேண்டாம். சந்தேகப்பட்டது தப்பு என்றுகூடச் சொல்ல வேண்டாம். சொல்லவில்லை என்றால், இனி அந்தச் சொந்தத்தில் எந்த வீட்டு வாசலிலும் அவள் மாமனார் குடலை வெட்டியவளாகத்தான் கால் வைக்க முடியும்.

அவளுக்குள் வேறொன்றும் அரித்துக்கொண்டிருந்தது. ரத்தம் தெரிவதற்குச் சில நாள் முன்பு, அவசரமாக அவள் கிளம்பும்போது, "மாத்திரை பெருசா இருக்கே, கம்பெனிக்காரன் மாத்திட்டானா? தொண்டையில உரசுது" என்றார் அவர். "அதே மாத்திரைதான் மாமா, தண்ணி குடிங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். திரும்பி வந்து பார்த்தபோது தட்டில் ஒரு காலி அட்டைத் துண்டு குறைவாக இருந்ததையும் பார்த்தாள். ஜன்னல் வழியாக எறிந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அவளைத் திட்ட வேண்டுமானால் இதற்குத் திட்டலாம். ஆனால் இது யாருக்கும் தெரியாது, செய்யாத தப்புக்குத்தான் ஏச்சு விழுந்துகொண்டிருந்தது.

மயக்கம் தெளிந்து அவர் தலையணையில் நிமிர்ந்து உட்காரும் அளவுக்குத் தேறிய அன்று, நாத்தனாரே அந்தப் பேச்சை எடுத்தாள். புருஷனும் இருந்தான். மருமகள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, வீட்டுல மாத்திரையை எப்படிப்பா குடுப்பா உங்களுக்கு?"

அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். மகள், மகன், கடைசியில் மருமகள். மருமகள் கரண்டியைக் கிண்ணத்தில் விட்டுவிட்டு நின்றாள்.

"வெட்டித் தட்டுல வைப்பா. எடுத்துப் போட்டுக்குவேன்."

"அட்டையோடவா?"

"அட்டையோடதான்."

"பிரிச்சுக் குடுன்னு நீங்க கேட்கலையா?"

"கண்ணு தெரியாதவன் எதைக் கேட்கறது."

சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "மாமா, பிரிச்சா வாங்க மாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டாள். வார்டில் பக்கத்துப் படுக்கைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றார் அவர்.

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அவளை அம்மா போட்டுக் கூப்பிட்டதில்லை. இந்தா, ஏய், இவளே, இப்படித்தான். எந்த வருஷம் எந்த லாரியில் எத்தனை பெட்டி சீல் உடைந்து வந்தது என்று டிரைவர் பெயரோடு சொல்கிறவருக்கு இது ஞாபகம் இல்லையாம். அவர் ஏன் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. நான்தான் பிரிக்காமல் தரச் சொன்னேன் என்றால், ஏன் என்று மகள் கேட்பாள். மகன் பெண்டாட்டி விஷம் வைப்பாள் என்று பயந்தேன் என்று அந்த வயதில் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வார்? மானம் போய்விடும். தன் மானத்தைக் காப்பாற்ற அவள் மானத்தைக் கொடுத்துவிட்டார். எல்லாம் புரிந்தது. புரிந்ததால் ஆத்திரம் ஒரு துளியும் குறையவில்லை. கிண்ணத்தை எடுத்து நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

"இனிமே அப்பா என்கூடத்தான் இருப்பாரு. உங்களை நம்பி விட்டது போதும்" என்று நாத்தனார் அறிவித்தது வராண்டா வரைக்கும் கேட்டது. தன்னைத் திட்டும் குரல் என்றாலும், அந்தச் செய்தி மருமகளின் காதில் தேனாக விழுந்தது. போகட்டும். பெயர் கெட்டது கெட்டதுதான், காலையில் எழுந்தால் அந்த நாற்காலியாவது காலியாக இருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு அவளுக்கு வெட்கமும் வரவில்லை.

இடையில் ஒரு நாள் கடைக்குப் போய் வந்தாள். செய்தி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. "என்ன கத்திரி அக்கா, உன் வெட்டு குடல் வரைக்கும் போச்சாமே" என்றார் கடைக்காரர். வேடிக்கைக்குத்தான் சொன்னார், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனிதர். மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். துணியை விரித்துச் சாக்கட்டியால் கோடு போட்டு, கத்திரியை வைத்தால் கை ஓடவில்லை. அன்று அவள் வெட்டிய ஒரு சட்டைக் கழுத்து கோணலாகப் போய், துணி வீணானது.

வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொன்ன நாளில் நாத்தனார் வரவில்லை, போன்தான் வந்தது. அவள் வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள். அந்த வாசனை அப்பாவுக்கு ஆகாது. மாடிப்படி வேறு செங்குத்து. பெண்ணுக்குப் பரீட்சை. முடியட்டும், முடிந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போகிறாளாம். எப்போது முடியும் என்று புருஷன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கடைசியாக, "மாத்திரையை நீயே பிரிச்சுக் குடு. அவகிட்ட விடாத" என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஆட்டோவில் நடுவில் உட்கார்ந்திருந்த மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை புருஷன் வேலைக்குக் கிளம்பி வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். எங்கேயோ ஒரு லிப்டில் ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறாராம், போன் மேல் போன். "மாத்திரை?" என்று அவள் கேட்டாள். "நீயே குடுத்துடு, நேரமாயிடுச்சு" என்றான்.

அவள் முழு அட்டையையும் எடுத்துக்கொண்டு மாமனார் நாற்காலி முன்னால் போய் நின்றாள். அட்டையை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, அவர் பார்க்கப் பார்க்க ஒரு மாத்திரையை அழுத்தி எடுத்துத் தட்டில் போட்டாள். தண்ணீர் டம்ளரைப் பக்கத்தில் வைத்தாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். மாத்திரையை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். மோந்து பார்த்தார்.

"இது பிரிச்சது" என்றார்.

"உங்க முன்னாடிதானே பிரிச்சேன் மாமா. இனிமே இப்படித்தான் குடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

அவர் யோசித்தார். பிறகு மாத்திரையின் நடுவில் இருந்த கோட்டில் நகத்தை வைத்து அழுத்தி அதை இரண்டாக உடைத்தார். ஒரு பாதியைத் தன் தட்டில் வைத்துக்கொண்டார். மறு பாதியை உள்ளங்கையில் வைத்து அவளிடம் நீட்டினார்.

"நீ முதல்ல போடு."

அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். புருஷன் ஒரு ஷூவோடு நின்றிருந்தான். எல்லாவற்றையும் பார்த்திருந்தான், கேட்டிருந்தான். அவன் வாயைத் திறந்தபோது, இப்போதாவது, இந்த ஒரு தடவையாவது என்று அவள் காத்திருந்தாள்.

"போட்டுடேன். பாதிதானே" என்றான் அவன்.

அவள் அந்தப் பாதியை எடுத்து நாக்கில் வைத்தாள். தண்ணீர் குடிக்கவில்லை. கசப்பு நாக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கியது. விழுங்கிவிட்டு, மாமனார் முன்னால் குனிந்து, வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். நாக்கை மேலே தூக்கி அடியிலும் காட்டினாள். போதும் என்று அவர் தலையசைத்தார். அவள் வாயை மூடவில்லை. திறந்த வாயோடு அப்படியே நிமிர்ந்து வாசல் பக்கம் திரும்பி, அவனும் பார்க்கட்டும் என்று நின்றாள். அவன் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.